தாமே தீர்மானிக்கும் கருவிகள்

சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் செல்லும் கலங்களில் பல தீர்மானங்கள் கருவியின் பொறுப்பிலேயே விடப்படுகின்றன. இம்முறையை எளிய வடிவில் அறிய விரும்புவோர், கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 1965-ஆம் ஆண்டில் நடந்த ஆராய்ச்சியை நோக்கலாம்.

பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும், ஜப்பானின் ஒஸாகா நகரப் பல்கலைக் கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக் கழகமும் கூடி, அங்கே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் நியூட்ரினோ என்னும் நுண்துகளைத் தேடின. நியூட்ரினோ பூமியையே ஊடுருவிச் செல்ல வல்லது. அபூர்வமாக ஒன்று பாறையில் மோதும்பொழுது மியூவான் என்னும் மின்னூட்டமுள்ள துகள் பிறக்கும், அதுவே சாட்சி. வானிலிருந்து வரும் ஏனைய மியூவான்களை மேலுள்ள பாறை பெரும்பாலும் தடுத்துவிடும். தப்பி வருபவையும் ஏறத்தாழச் செங்குத்தாகவே வரும்.

இந்நிகழ்ச்சி எப்பொழுது நேரும் என்று எவராலும் கூற இயலாது. நேர்ந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறுகிய காலத்தில் முடிந்துவிடும். ஆகவே கருவிக்கு ஒரு விதி வகுக்கப்பட்டது. எதிரெதிரே சுவர்போல் நின்ற பிளாஸ்டிக் ஒளிர்பலகைகளின் நடுவே நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்கள் அடுக்கப்பட்டிருந்தன. பாறையின் கதிரியக்கத்தாலும் ஒரு பலகை ஒளிரக்கூடும். அதைக் கருவி பொருட்படுத்தாது. இரு பக்கமும் ஒருங்கே ஒளிர்ந்தால் மட்டுமே குழாய்களுக்கு உயர் மின்னழுத்தம் பாயும். துகள் சென்ற வழியிலுள்ள குழாய்கள் சுடர்விடும். காமிரா அதைப் பதிவு செய்யும். பக்கவாட்டில் சென்ற தடங்கள் நியூட்ரினோவைக் காட்டிக்கொடுத்தன. (இரு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினாலன்றி ஒலிக்காத மின்மணி ஒன்றை அமைத்து, ஆசிரியர்கள் இவ்விதியை வகுப்பில் விளக்கலாம்.)

சந்திரனில் இறங்கும் கலத்தின் நிலைமை இன்னும் கடினமானது. பூமியிலிருந்து வானொலி ஆணை சென்று விடை வர இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் கலம் நெடுந்தூரம் விழுந்திருக்கும். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2-இன் விக்ரம் கலம் தரையில் மோதிற்று. எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை தந்தன, பிழைகள் குவிந்தன, விரைந்து திரும்பித் திருத்திக்கொள்ளக் கலத்தின் கணிப்பொறி விதிகள் இடந்தரவில்லை என்று இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் பின்னர் விளக்கியது. இறங்குவதற்குக் குறிக்கப்பட்ட பரப்பும் 500 மீட்டர் சதுரமே. யந்திரம் கீழ்ப்படியவே செய்தது. விதிதான் குறுகலாயிருந்தது எனலாம்.

சந்திரயான்-3-க்கு அப்பரப்பு 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரிக்கப்பட்டது. பிழை நேரின் சமாளிக்கும் வழிகளும் சேர்க்கப்பட்டன. 2023 ஆகஸ்ட் 23 மாலை, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 19 நிமிடங்களில், கலம் தானே வேகம் குறைத்து, அபாயமற்ற இடம் தேர்ந்து 6.04 மணிக்கு இறங்கிற்று.

நான்கு நாட்களுக்குப் பின் பிரக்யான் ஊர்தி 4 மீட்டர் அகலமுள்ள பள்ளம் ஒன்றை 3 மீட்டர் முன்னதாகக் கண்டது. அங்கே அவசரமில்லை. பூமியிலிருந்தே ஆணை சென்றது. ஊர்தி வந்த வழியே திரும்பிற்று.