வேண்டாம் என்று சொல்லப் பழகியவர்

நகரத்தை நடத்துகிறவர்கள் – 17

ஹைதராபாத்தில் ஆர்.டி.சி. கிராஸ் ரோட்ஸ் என்றால் சினிமா. சென்னைக்கு ஒரு காலத்தில் மவுண்ட் ரோடு எப்படியோ, அப்படி. அங்கே உள்ள சந்தியா தியேட்டரில் 2024 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு 'புஷ்பா 2' சிறப்புக் காட்சி. நாயகனே வருகிறார் என்று தெரிந்ததும் வாசலில் கூட்டம் முண்டியடித்தது. குடும்பத்தோடு படம் பார்க்க வந்த ஒரு தாய் அந்த நெரிசலில் இறந்துபோனார். அவருடைய மகன் உயிருக்குப் போராடி மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தான். பிறகு நடிகர் கைதானது ஊரறிந்த செய்தி. அதற்குச் சில நாட்கள் முன்பே கைதானவர்களில் தியேட்டரின் மேலாளரும் இருந்தார் என்பது பலருக்கு நினைவிருக்காது.

எனக்கு அந்த மேலாளர்தான் மனதில் நின்றார். யார்மீது பிழை என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். என்னை அரித்த கேள்வி வேறு. வாசலில் ஆயிரக்கணக்கில் ஜனம் சேரும்போது எந்தக் கதவைத் திறக்க வேண்டும், எதை மூட வேண்டும், எந்த நிமிடத்தில் 'இனி ஆள் விடமாட்டேன்' என்று சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் நம் நாட்டில் ஒரு மேலாளருக்கு யார் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள்?

போன வாரம் பேருந்துப் பணிமனை மேலாளரோடு ஒரு இரவைக் கழித்தோம். இந்த வாரம் மால்களையும் பொழுதுபோக்கு இடங்களையும் நடத்துகிறவர்கள்.

அதற்கு ஹைதராபாத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. தெலுங்கு பேசும் ஊர்களில் 'ஷாப்பிங் மால்' என்ற சொல்லுக்கே தனிப் பொருள் உண்டு. சவுத் இந்தியா ஷாப்பிங் மால், சி.எம்.ஆர். ஷாப்பிங் மால், ஏன், சென்னை ஷாப்பிங் மால் என்றுகூட ஒன்று. எல்லாம் பல மாடி ஜவுளிக்கடைகள். நம் உஸ்மான் ரோடு கடைகளின் உறவுக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வகை மால் இங்கே 2000-க்குப் பிறகு வந்தது. 2003-இல் நெக்லஸ் ரோட்டில் பிரசாத்ஸ் ஐமேக்ஸ், அடுத்த ஆண்டு பஞ்சாகுட்டாவில் ஹைதராபாத் சென்ட்ரல், 2009-இல் மாதாப்பூரில் இனார்பிட், 2018-இல் கொண்டாப்பூரில் சரத் சிட்டி கேப்பிட்டல். 2023 செப்டம்பர் கடைசியில் குக்கட்பள்ளியில் லூலூ மால் திறந்தபோது, முதல் சில நாட்கள் அந்தச் சாலையில் வண்டி நகரவில்லை. உள்ளே நிற்க இடமில்லை.

மேற்கு ஹைதராபாத்தில் ஒரு மாலின் செயல்பாட்டு மேலாளரைக் காலை எட்டரை மணிக்குச் சந்தித்தேன். மாலின் பெயரும் அவர் பெயரும் வேண்டாம் என்றார். விருதுநகர்ப் பக்கம். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து, ஒரு பெரிய ஓட்டலின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பலரும் இப்படித்தான். ஓட்டலிலிருந்து வருவார்கள், ராணுவத்திலிருந்து வருவார்கள், கட்டடக் கம்பெனியிலிருந்து வருவார்கள். நேரே இதற்கென்று படித்து வந்தவர்கள் குறைவு.

"காபி அப்புறம் குடிக்கலாம் சார், முதல்ல என்கூட நடங்க" என்றார்.

கடைகள் திறக்க இரண்டரை மணி நேரம் இருந்தது. பளிங்குத் தரையில் துடைக்கும் இயந்திரம் ஊர்ந்துகொண்டிருந்தது. வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்தை விட்டு, கடைகளுக்குப் பின்னால் ஓடும் சர்வீஸ் தாழ்வாரத்துக்குள் நுழைந்தோம். வெறும் சிமென்ட் சுவர், தலைக்கு மேல் குழாய்கள், முந்தின இரவின் எண்ணெய் வாடை. ஒவ்வொரு படிக்கட்டுக் கதவிலும் இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு கம்பி. கையால் திருக வேண்டியதில்லை. கூட்டம் மோதினாலே திறந்துகொள்ளும் கதவு. அவர் ஒவ்வொன்றையும் இடுப்பால் இடித்துத் திறந்து பார்த்தார். ஏழாவது கதவு பாதிதான் திறந்தது. பின்னால் ஒரு செருப்புக் கடையின் அட்டைப் பெட்டிகள், பதினைந்து இருபது இருக்கும்.

வாக்கி டாக்கியில் அவர் கத்தவில்லை. கடையின் பெயரைச் சொல்லி, "அரை மணி நேரத்துல எடுக்கலைன்னா ஷட்டர் திறக்க விடமாட்டேன்" என்று தெலுங்கில் சொன்னார். என் பக்கம் திரும்பி, "வருஷக் கடைசி சார், சரக்கு நிறைய வரும். வைக்க இடம் கிடையாது. அவங்க கஷ்டம் புரியுது. ஆனா இந்தக் கதவு ஒரே ஒரு நாளைக்குத்தான் வேணும். அது எந்த நாள்னு யாருக்கும் தெரியாது" என்றார்.

பிறகு நிலத்தடியில் பம்ப் அறை. தீயணைப்புக் குழாயில் அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலும் தானாக ஓடும் சின்னப் பம்ப் ஒன்று உண்டு. ஜாக்கி பம்ப் என்பார்கள். அதன் சுவிட்ச் 'ஆட்டோ'வில் இருக்கிறதா என்று பார்த்தார். சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று யாராவது அணைத்துவிட்டுப் போவது உண்டாம். கடைசியாக ஒரு கோப்பைக் காட்டினார். ஹாட் வொர்க் பெர்மிட். வெல்டிங்கோ கட்டிங்கோ செய்ய வேண்டுமென்றால் எந்த இடம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, பக்கத்தில் எரியும் பொருள் அகற்றப்பட்டதா, தீயணைப்பான் வைத்துக்கொண்டு நிற்பவர் யார் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் அந்த ஆள் நகரக் கூடாது. பொறி உள்ளே கிடந்து புகைந்து, வெல்டர் வீட்டுக்குப் போன பிறகு பற்றுவது உண்டு.

ஒரு தாள்தானே என்று தோன்றலாம். 2024 மே 25-ஆம் தேதி ராஜ்கோட்டில் டி.ஆர்.பி. கேம் ஸோன் எரிந்தது நினைவிருக்கிறதா? கோடை விடுமுறை, 99 ரூபாய் டிக்கெட், உள்ளே குழந்தைகள். அதே நேரத்தில் உள்ளே வெல்டிங் வேலையும் நடந்துகொண்டிருந்தது. 27 பேர் போய்விட்டார்கள். அந்த இடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றே இல்லை. 'ஜனம் உள்ளே இருக்கும்போது வெல்டிங் கூடாது' என்று ஒருவர், ஒரே ஒருவர், அன்றைக்குச் சொல்லியிருந்தால் போதும்.

ஹைதராபாத்துக்கும் இந்தத் துயரம் புதிதில்லை. 2023 மார்ச் 16 மாலை, செகந்திராபாத் ஸ்வப்னலோக் வணிக வளாகம் தீப்பிடித்தது. இறந்த ஆறு பேரும் அங்கே ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்த இளவட்டங்கள். நெருப்பு அவர்களைத் தொடவில்லை; புகைதான் கொன்றது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, அதே செகந்திராபாத்தில் ஒரு விளையாட்டுப் பொருள் கடைக் கட்டடம் எரிந்து மூன்று தொழிலாளர்கள் மாண்டார்கள். 2017 மே 31 அன்று தியாகராய நகரில் சென்னை சில்க்ஸ் எரிந்ததை நாம் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே இருந்தோம். அது காலை வேளை, கடை திறக்கவில்லை. ஆடி மாதத்து மாலையாக இருந்திருந்தால்?

பாய்லர் இயக்குகிறவருக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். லாரி ஓட்ட லைசென்ஸ் வேண்டும். தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர்கூட லைசென்ஸ் எடுத்தாக வேண்டும் என்று விதி இருந்தது. அந்தக் காலத்துப் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு என்பதால். 1918-இல் வந்த சினிமாச் சட்டத்துக்கே பார்வையாளர் பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம். ஆனால் பண்டிகை நாளில் பல்லாயிரம் பேர் நுழையும் ஒரு மாலை நடத்துகிறவருக்கு எந்தச் சான்றிதழும் சட்டப்படி தேவையில்லை. கட்டடத்துக்குச் சான்று கேட்கிறோம், லிஃப்டுக்குக் கேட்கிறோம். அதைக் கையில் வைத்திருக்கும் மனிதரைக் கேட்பதில்லை.

அமெரிக்காவில் முழுக்கக் கூரை போட்ட முதல் மால் 1956-இல் மின்னசோட்டாவில் திறந்தது. மறு ஆண்டே மால்காரர்கள் சர்வதேசச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். 1964-இல் அந்தச் சங்கம் மால் மேலாளருக்கென்று தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது. வாடகை ஒப்பந்தம், கணக்கு, விளம்பரம், பராமரிப்பு, சட்டம் எல்லாம் அதில் இருந்தன. இந்தியாவில் மால் யுகம் 1999-இல் டெல்லி அன்சல் பிளாசா, மும்பை கிராஸ்ரோட்ஸ் என்று தொடங்கியதாகச் சொல்வார்கள். கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. கடை ஊழியருக்கும் கடை மேலாளருக்கும் திறன் பாடத்திட்டங்கள் வந்திருக்கின்றன. சங்கங்கள் கருத்தரங்கு நடத்துகின்றன. முழு மாலைத் தாங்குகிறவருக்குக் கட்டாயப் பயிற்சி என்று ஒன்று இன்றுவரை இல்லை.

வியாபாரப் பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை என்று அமைப்பது தனிக் கலை. வாடகையை நிலையாக வாங்குவதா, விற்பனையில் பங்காக வாங்குவதா என்பது பெரிய கணக்கு. தெலங்கானாவில் பார்க்கிங்கே ஒரு பாடம். 2018-இல் வந்த அரசாணைப்படி முதல் அரை மணி இலவசம். ஏதாவது வாங்கிய ரசீது இருந்தால் ஒரு மணி வரை இலவசம். அதற்கு மேல் போனால் ரசீதுத் தொகை பார்க்கிங் கட்டணத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். வாசலில் நிற்கும் பையனுக்கு இதைத் தெலுங்கிலும் உருதுவிலும் ஹிந்தியிலும் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஞாயிறு மாலை வண்டி வரிசை சாலைவரை நீளும். இவையெல்லாம் தப்பினால் பணம் போகும். நான் சொல்வது உயிர் போகிற பாடத்தை.

பயிற்சி கொடுத்தால் பலன் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்கள் இதே ஊரின் பழைய கதையைக் கேட்க வேண்டும். வேலையிலிருக்கும் அதிகாரிகளை உட்காரவைத்துக் கற்பிப்பதற்கென்று 1956-இல் தொடங்கிய நிர்வாகப் பணியாளர் கல்லூரி ஹைதராபாத்தில்தான் இருக்கிறது, பேரார் இளவரசர் வாழ்ந்த பெல்லா விஸ்டா மாளிகையில். அதன் முதல் முதல்வர், ராணுவத் தளபதியாக இருந்து ஓய்வுபெற்ற ஜெனரல் ஸ்ரீநாகேஷ். இன்னொன்று யூசுஃப்குடாவில் உள்ள சிறுதொழில் பயிற்சி நிறுவனம். 1964 வாக்கில் டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் காக்கிநாடா வணிகர்களை அங்கே அழைத்துவந்து, தொகுதி தொகுதியாகச் சில நாள் பயிற்சி கொடுத்தார். நம் வேலூர் வணிகர்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஊர் திரும்பிய பிறகு, பயிற்சி பெறாதவர்களைவிட இவர்கள் அதிகம் துணிந்தார்கள், அதிகம் முதலீடு செய்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது. அறுபது ஆண்டுக்கு முன்பே கடைக்காரருக்கு வகுப்பு எடுத்த நகரம் இது.

மால் வருவதற்கு வெகுகாலம் முன்பே மாபெரும் கூட்டத்தை ஆண்ட நகரமும் இதுதான். நாம்பள்ளி மைதானத்தில் ஆண்டுதோறும் ஜனவரி 1 முதல் 46 நாள் நடக்கும் நுமாயிஷ் பொருட்காட்சி, 1938-இல் உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரிகள் தொடங்கியது. காஷ்மீர்ச் சால்வையிலிருந்து ராட்டினம் வரை எல்லாம் உண்டு. 2019 ஜனவரி 30 இரவு அங்கே தீப்பிடித்து நூற்றுக்கணக்கான கடைகள் எரிந்தன. நல்லவேளையாக உயிர்ப்பலி இல்லை. அடுத்த பொருட்காட்சிக்குள் மைதானத்தில் தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டன. கடைப்பிடித்த பாடம் என்றால் அதுதான்.

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். மால், மல்டிபிளக்ஸ், கேம் ஸோன், பல மாடி ஜவுளிக்கடை, எதுவானாலும் சரி, நடத்துகிறவருக்குச் சான்றிதழ் கட்டாயமாக வேண்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-இலேயே கூட்ட மேலாண்மைக்குக் கையேடு போட்டிருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டால் மனிதர் தன் காலால் நடப்பதில்லை, கூட்டம்தான் அவரை நடத்துகிறது என்பது உலகம் முழுக்கத் தெரிந்த பாடம். கற்பிக்க வேண்டியது புதிதாக ஒன்றும் இல்லை. அந்தச் சான்றிதழோடு, 'இன்று விழா வேண்டாம், இந்தக் கடை திறக்க வேண்டாம்' என்று மேலாளர் சொன்னால் முதலாளி அவரை வேலையைவிட்டு நீக்க முடியாத பாதுகாப்பும் வேண்டும். விருதுநகர்க்காரரிடம் இதைக் கேட்டேன். "சொல்லக் கத்துக்கறது பாதிதான் சார். சொன்ன பிறகும் அடுத்த மாசம் சம்பளம் வரணும்ல?" என்றார்.

தெலங்கானா அரசும் தமிழ்நாட்டு அரசும் இதை முதலில் செய்யலாம். அதுவரை நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு மாலுக்குப் போனால், சாப்பிட உட்காருவதற்கு முன் பக்கத்தில் உள்ள அவசரப் படிக்கட்டு எங்கே என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். கதவு பூட்டியிருந்தாலோ வழியில் பெட்டிகள் கிடந்தாலோ, மேலாளரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர் அகற்றும்வரை அங்கேயே நில்லுங்கள்.

(அடுத்த வாரம்: குடிநீர் வாரியத்தின் வால்வு திறப்பவர்)