கோணிப்பையைத் திருப்பிக் கொடுத்த கூட்டம்

1766-இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், ஹோனிட்டன் என்ற ஊரில், லேஸ் பின்னிப் பிழைத்தவர்கள் விவசாயிகளின் தானியத்தைக் கைப்பற்றினார்கள். அதைச் சந்தைக்குக் கொண்டுபோய்த் தாங்களே விற்றார்கள். வந்த பணத்தை உடையவர்களிடமே ஒப்படைத்தார்கள், காலிக் கோணிப்பைகளையும் சேர்த்து!

இதைக் கொள்ளை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்நாளைய கூட்டங்கள் வெறும் பசியால் கிளம்பியவை அல்ல என்று வரலாற்றாசிரியர் இ. பி. தாம்சன் 1971-இல் விரிவாக எழுதினார். பஞ்ச காலத்தில் பதுக்குவதும், உள்ளூர் தானியத்தை வெளியே அனுப்புவதும் முறையல்ல, ஒழுங்கைக் குலைத்தவன் வியாபாரிதான் என்பது அந்தக் கூட்டத்தாரின் வழக்கு. பதுக்கலுக்கு எதிரான பழைய சட்டங்கள் 1772 வரை ஏட்டில் இருந்ததால், மாஜிஸ்திரேட்டுகள் சிலரே விலையைக் குறைக்கும்படி வியாபாரிகளிடம் பேசினார்கள். மறுபக்கம் 1715-ஆம் ஆண்டின் கலகச் சட்டமும் இருந்தது: 12 பேரோ அதற்கு மேலோ கூடி, கலையச் சொல்லி ஒரு மணி நேரம் ஆகியும் நின்றால் மரண தண்டனை. தூக்குக்கயிறு கண்ணெதிரே இருந்தும் பையைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றால், தங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எவ்வளவு உறுதியாக நம்பியிருப்பார்கள்!

இனி நம் காலத்துக் கூட்டம் ஒன்றைப் பார்ப்போம். 2011 ஆகஸ்ட் 4 அன்று வடக்கு லண்டனின் டாட்டன்ஹாமில் மார்க் டக்கன் என்பவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. 6-ஆம் தேதி குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும் காவல் நிலையத்தின் முன் நின்று பதில் கேட்டார்கள். அன்றிரவு மூண்ட கலவரம் பர்மிங்காம், மான்செஸ்டர் வரை பரவியது. ஐந்து பேர் இறந்தார்கள். குரோய்டனில் ஐந்து தலைமுறை கண்ட மரச்சாமான் கடை எரிந்து போனது. இந்தக் கூட்டம் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. கடை இழந்தவர்களின் துயரத்தை நான் சிறிதாக்க மாட்டேன்.

ஆனால் “அப்பட்டமான குற்றச்செயல்” என்று பிரதமர் கேமரன் முடித்துக்கொண்டதை ஏற்க முடியவில்லை. கார்டியன் நாளிதழும் லண்டன் பொருளாதாரப் பள்ளியும் கலவரத்தில் இறங்கிய 270 பேரிடம் பேசின. 85 சதவீதத்தினர் போலீஸ் நடத்தையை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். வசதியுள்ளவருக்குப் போலீஸ்காரர் கண்ணாடி உடைந்தால் கூப்பிட வேண்டியவர். கலவரத்தில் இறங்கியவர்களுக்கோ, தெருவில் நிறுத்திச் சட்டைப்பையைத் துழாவுகிறவர். ஏழை மாணவருக்கு வாரம் 30 பவுண்டு வரை கிடைத்த படிப்பு உதவித்தொகையும் அந்த ஆண்டு இங்கிலாந்தில் நின்றுபோயிருந்தது.

அந்தக் கலவரத்தில் மூன்றரை பவுண்டு மதிப்புள்ள தண்ணீர்ப் பாட்டில்களைத் திருடிய மாணவர் ஒருவருக்கு ஆறு மாதச் சிறை விதித்தார்கள். 1981-இல் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதி கலவரத்தில் எரிந்தபோது நீதிபதி ஸ்கார்மன் பிரபு விசாரித்து, போலீஸின் போக்கையும் வேலையின்மையையும் அறிக்கையில் எழுதினார். 2011-க்கு அப்படியொரு நீதிபதி விசாரணை வைக்க கேமரன் அரசு மறுத்துவிட்டது.