சிறகு முளைத்த நீலப் பெட்டி

நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் திருப்பூர் ராயபுரத்துத் தெருக்களில் இரண்டு வித நாணயங்கள் செலாவணியில் இருந்தன. ஒன்று சர்க்கார் அடித்த நாணயம். அது பெரியவர்களின் சட்டைப் பையை விட்டு எங்கள் கைக்கு வருவது அபூர்வம். மற்றொன்று சிகரெட் அட்டை. காலிப் பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கினால் அதுவே எங்கள் பணம். தரையில் வட்டம் கீறி, நடுவே அட்டைகளை அடுக்கி, தூரத்திலிருந்து சப்பைக் கல்லை வீசுவோம். வட்டத்துக்கு வெளியே தள்ளியவனுக்கு அட்டை சொந்தம். எங்கும் கிடைக்கிற 'சார்மினார்' அட்டைக்கு மதிப்புக் குறைவு. 'சிஸர்ஸ்' அட்டைக்குச் சற்று அதிகம். தங்க ரேக்குப் போல மினுக்கும் அட்டைகளுக்கு அதற்கும் மேல். இந்த விகிதத்தை நிர்ணயித்தவர் யார் என்று எவருக்கும் தெரியாது. ஆனால் அதை மீறத் துணிந்தவனும் கிடையாது.

1988-ஆம் வருஷம் என்று ஞாபகம். பனியன் ஏற்றுமதி சூடு பிடித்து வந்த சமயம். ஐரோப்பாவிலிருந்து வியாபாரிகள் ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அப்படி வந்த ஒருவர் டீக்கடை வாசலில் போட்டுவிட்டுப் போன நீல நிறப் பெட்டி ஒன்று என் கையில் அகப்பட்டது. அதன் மேல் ஒரு தலைக்கவசம். கவசத்தின் இரு புறமும் பறவைச் சிறகுகள்! தெருவே கூடிவிட்டது. "நூறு சார்மினார் தருகிறேன்" என்றான் ஒருவன். நான் கொடுக்கவில்லை. பெயரை எழுத்துக் கூட்டி 'கவுலாய்சஸ்' என்று படித்தோம். 'கோல்வாஸ்' என்று உச்சரிக்க வேண்டும் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மற்ற அட்டைகளை எனக்கு வாரி வழங்கிய வள்ளல் என் சித்தப்பா. அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாளொன்றுக்கு இரண்டு பெட்டி ஊதித் தள்ளுவார். மாலையில் வீடு திரும்பியதும், "இந்தா கண்ணு, உன்ர சம்பளம்!" என்று சிரித்துக்கொண்டே காலிப் பெட்டிகளை நீட்டுவார். பெட்டி தீர்ந்துவிட்டால் மூலைக் கடைக்கு ஓடி வாங்கி வருபவனும் நானே. அவருடைய கை சிறுத்தால் என் செல்வம் சிறுக்கும் என்பதால், அவர் இன்னும் கொஞ்சம் புகைக்கக் கூடாதா என்று கூட நான் நினைத்ததுண்டு.

எங்கள் ஊர்க்காரருக்கு லேபிளின் மகிமையை யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நூல், ஒரே மெஷின், ஒரே தையற்காரர்; ஆயினும் கழுத்தோரத்தில் தைக்கிற சிறு துணித்துண்டு மாறினால் பனியனின் விலை மாறிவிடுகிறது. ஆனால் பனியனுக்கு லேபிள் போனாலும் துணி மிஞ்சும். சிகரெட்டுக்கு லேபிள் போனால் மிஞ்சுவது என்ன? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் அந்த நீலப் பெட்டியின் சரித்திரம் எனக்கு விளங்கிற்று.

வீரனின் தலைக்கவசம்

இன்றைய பிரான்ஸ் தேசத்தின் பழைய பெயர் 'கோல்'. ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் படையெடுத்து வந்தபோது எதிர்த்துப் போரிட்ட மக்கள் அந்நாட்டார். தங்கள் மூதாதையர் அவர்களே என்று பிரெஞ்சுக்காரர் பெருமை கொள்வது வழக்கம். 1959-ல் பிறந்த 'ஆஸ்டெரிக்ஸ்' சித்திரக் கதையைப் படித்த குழந்தைகளுக்கு, அந்தக் குள்ள வீரனின் தலையில் இருக்கும் சிறகுக் கவசம் நன்கு தெரிந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், கோல் வீரர்கள் எல்லோரும் சிறகுக் கவசம் தரித்தார்கள் என்பது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டுச் சித்திரக்காரர்களின் கற்பனை. ஆனால் தேசபக்திக்குச் சாட்சியம் தேவையா? படம் மனத்தில் பதிந்தால் போதுமே!

பிரான்ஸில் புகையிலை வியாபாரம் வெகு காலமாகச் சர்க்காரின் ஏகபோகம். 1674-ல் 14-ஆம் லூயி மன்னரின் மந்திரி கோல்பேர் அதை ஏற்படுத்தினார். இடையில் புரட்சிக் காலத்தில் அது ஒழிந்தது. பின்னர் நெப்போலியன் மீண்டும் கொணர்ந்தார். அந்தச் சர்க்கார் ஆலையே 1910-ல் 'கோல்வாஸ்' என்ற பெயரில் சிகரெட்டை வெளியிட்டது. 'கோல் நாட்டுப் பெண்கள்' என்பது அப்பெயரின் பொருள். கறுப்புப் புகையிலை, காரமான நெடி. 1936-ல் மார்செல் ஜாக்னோ என்ற சித்திரக்காரர் சிறகுக் கவசத்தைப் புதிதாக வரைந்து கொடுத்தார். நான் கண்டெடுத்த பெட்டியில் இருந்தது அந்த வம்சத்தைச் சேர்ந்த சித்திரமே.

யுத்த காலங்களில் பிரெஞ்சுப் படைவீரனுக்கு ரொட்டியோடு சிகரெட்டும் சர்க்கார் செலவில் கிடைத்தது. 'படைக்கான கோல்வாஸ்' என்றே தனிப் பொட்டணம் உண்டு. அகழியில் கிடக்கும் சிப்பாயின் வாயில் புகைந்த சுருள், ஊரிலிருந்த இளைஞனுக்கு வீரத்தின் அடையாளமாயிற்று. பிறகு பாரீஸ் காப்பிக் கடைகளில் தத்துவம் பேசிய எழுத்தாளர்களும் ஓவியர்களும் அதைக் கையில் பிடித்தார்கள். வீரம் போய் மேதாவிலாசம் வந்தது. பிற்காலத்தில் விளம்பரத்தில் 'என்றும் சுதந்திரம்' என்ற வாசகத்தையும் சேர்த்தார்கள். ஒருமுறை பற்றிக்கொண்டால் விடமுடியாத பழக்கத்துக்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்த சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது?

நம் வீட்டுப் பெட்டிகள்

பிரெஞ்சுக்காரரைப் பார்த்து நகைக்குமுன் நம் வீட்டுக் கொல்லையையும் சற்றே எட்டிப் பார்ப்போம்.

கோல்வாஸ் பிறந்த அதே 1910-ல் கல்கத்தாவில் 'இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா' ஆரம்பமாயிற்று. 'இம்பீரியல்' என்றால் சாம்ராஜ்யத்தைச் சேர்ந்தது என்று பொருள். 1970-ல் அது 'இந்தியா டொபாக்கோ கம்பெனி' ஆயிற்று. 1974-ல் அதுவும் சுருங்கி 'ஐ.டி.சி.' என்ற மூன்று எழுத்தாயிற்று. சாம்ராஜ்யம் போய் இந்தியா வந்து, கடைசியில் பொருள் தெரியாத எழுத்துக்களே நின்றன. புகை மட்டும் மாறவில்லை.

1930-ல் நிஜாம் ஆண்ட ஹைதராபாத்தில் வஜீர் சுல்தான் புகையிலைக் கம்பெனி ரிஜிஸ்தர் ஆயிற்று. அதன் பெயர்பெற்ற சரக்குத்தான் சார்மினார். 1591-ல் முகம்மது குலி குதுப் ஷா எழுப்பிய நாற்கோபுர மண்டபம் தக்காணத்தின் சிரோரத்தினம். அதன் படத்தைத் தாங்கிய, வடிகட்டி இல்லாத மலிவுச் சிகரெட் தொழிலாளி முதல் எழுத்தாளர் வரை எல்லார் கையிலும் ஏறிற்று. வங்காளத்தில் சத்யஜித் ராய் 1965-ல் படைத்த துப்பறிவாளர் ஃபெலுடாவும் சார்மினார் பிரியரே. கோபுரத்தைக் கட்டியது அரசன். பெருமை கொண்டவர்கள் ஜனங்கள். லாபம் பார்த்தது கம்பெனி. அந்தக் கம்பெனியிலும் பிரிட்டிஷ் புகையிலைக் குழுமம் ஒன்று நெடுங்காலமாகப் பெரும் பங்கு வைத்திருக்கிறது என்பது, படத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாத சங்கதி.

அந்நியச் சாமான் பகிஷ்காரம் தீவிரமாக நடந்த நாட்களில் சீமைச் சிகரெட்டை எறிந்தவர்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்கள். அது சுதேசி அல்லவா! சுதேசிப் புகை நுரையீரலில் இறங்கினால் சுதேச பக்தியாக மாறிவிடும் என்று எண்ணினார்கள் போலும்.

இவற்றுக்கெல்லாம் சிகரமான ஒரு சம்பவம் உண்டு. ஒத்துழையாமை இயக்கத்தின் ஆரம்பத்தில் யாரோ ஒரு வியாபாரி மகாத்மா காந்தியின் படத்தைப் போட்டு 'மகாத்மா காந்தி சிகரெட்' என்று விற்கத் துணிந்துவிட்டார்! ஒரு நண்பர் அந்த லேபிளைக் காந்தியடிகளுக்கு அனுப்பிவைத்தார். 1921 ஜனவரியில் 'யங் இந்தியா' பத்திரிகையில் அவர் மனம் நொந்து எழுதினார். தம் பெயரைப் பலர் பலவாறு துஷ்பிரயோகம் செய்திருக்கிறார்கள் என்றும், இதைப் போன்ற அவமானம் வேறில்லை என்றும், அந்த லேபிளை வியாபாரி விலக்கிக்கொள்ள வேண்டும், இல்லையேல் பொதுஜனங்கள் அதை வாங்க மறுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

அவருக்கு இந்த விஷயத்தில் சொந்த அனுபவமும் உண்டு. சிறு வயதில் தம் சிற்றப்பா புகைப்பதைக் கண்டு ஆசைப்பட்டு, அவர் எறிந்த துண்டுச் சிகரெட்டுகளைப் பொறுக்கிப் புகைத்ததையும், பிறகு காசு திருடியதையும் 'சத்திய சோதனை'யில் அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். அவர் சிற்றப்பா எறிந்த துண்டுகளைப் பொறுக்கினார். நான் சித்தப்பா எறிந்த பெட்டிகளைப் பொறுக்கினேன்.

எங்கள் திருப்பூரில் 1932 ஜனவரி 10-ஆம் தேதி குமரன் கையில் ஒரு கொடி இருந்தது. தடியடி பட்டு விழுந்தும் அவர் அதை விடவில்லை. மறுநாள் உயிர் நீத்தார். அந்தக் கொடியும் ஒரு துணிதான். அதிலும் ஒரு சின்னம்தான். ஆனால் அது எவரிடமும் காசு கேட்கவில்லை. தேசத்தின் சின்னம் நம்மிடம் தியாகத்தைக் கேட்கலாம், உழைப்பைக் கேட்கலாம். காசைக் கேட்டுக்கொண்டு நம் மூச்சையும் கேட்கும்போது, சின்னத்துக்குப் பின்னால் நிற்பது யார் என்று எட்டிப் பார்ப்பது நம் கடமை.

சிறகு உதிர்ந்தது

1950-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவர் ஆஸ்பத்திரி நோயாளிகளை ஆராய்ந்து, புகைப் பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை வெளிப்படுத்தினார்கள். அதன் பின் கோல் வீரனுக்குக் கெட்ட காலம் ஆரம்பமாயிற்று. பிரான்ஸில் 1991-ஆம் வருஷத்துச் சட்டம் புகையிலை விளம்பரத்தையே தடுத்தது. 1995-ல் சர்க்கார் தன் புகையிலை ஸ்தாபனத்தைத் தனியாரிடம் விட்டது. 1999-ல் அது ஸ்பெயின் தேசத்துக் கம்பெனியோடு கலந்தது. 2005-ல் லில் நகரத்து ஆலையை மூடி, கோல்வாஸ் உற்பத்தியை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார்கள். 2008-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து இம்பீரியல் டொபாக்கோ எல்லாவற்றையும் வாங்கிற்று. பிரெஞ்சு மூதாதையரின் கவசம் ஆங்கிலேயர் சொத்தாயிற்று!

அதோடும் நிற்கவில்லை. 2012-ல் ஆஸ்திரேலியா வழிகாட்ட, பிரான்ஸும் 2017 ஜனவரி 1 முதல் கடைகளில் எல்லாச் சிகரெட்டுப் பெட்டிகளும் ஒரே மங்கிய நிறத்தில், ஒரே எழுத்தில் இருக்க வேண்டும் என்று விதித்தது. நீலம் போயிற்று, கவசம் போயிற்று, சிறகும் உதிர்ந்தது. லேபிள் போனால் மிஞ்சுவது என்ன என்று கேட்டோமே, அதற்கு அந்தத் தேசமே விடை அளித்துவிட்டது.

நம் நாட்டிலும் 1975-ல் பெட்டியின் மேல் எச்சரிக்கை வாசகம் வந்தது. 2003-ஆம் வருஷத்துச் சட்டம் விளம்பரத்தைத் தடுத்தது. 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்பதையும், கல்விச்சாலைகளிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதையும் குற்றமாக்கிற்று. பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் விதிகள் 2008 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று அமுலுக்கு வந்தன. 1921-ல் அவர் படத்துக்கு நேர்ந்த அவமானத்துக்கு 87 வருஷங்கள் கழித்துக் கிடைத்த பரிகாரம் என்று இதைக் கொள்ளலாம். 2016 முதல் பெட்டியின் முகத்தில் 85 சதவிகித இடத்தை எச்சரிக்கைச் சித்திரம் பிடித்துக்கொண்டது.

ஆயினும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நம் கடைகளில் பெட்டியாக வாங்குபவரைவிட ஒன்று, இரண்டு என்று சில்லறையாக வாங்குபவர் மிகுதி. பெட்டி கடைக்காரர் கையிலேயே இருந்துவிடுகிறது. சித்திரம் யாரைப் பயமுறுத்த வேண்டுமோ அவர் கண்ணில் அது படுவதே இல்லை. இந்தியாவில் வருஷந்தோறும் சுமார் 13 லட்சம் பேர் புகையிலையால் மாள்கிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

அவர்களில் ஒருவர் என் சித்தப்பா. 1997-ல் தொண்டைப் புற்றுநோய் வந்து தமது 48-ஆம் வயதில் காலமானார். கடைசி மாதங்களில் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஒருநாள் நான் அருகில் உட்கார்ந்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலை உதட்டருகே கொண்டுபோய், பிறகு கையை அசைத்து 'வேண்டாம்' என்று சைகை செய்தார். தகரப் பெட்டி நிறைய நான் சேர்த்திருந்த அட்டைகளை அன்று மாலை எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடிக்கவில்லை, பாதியில் எழுந்து போய் அடுப்பில் போட்டுவிட்டேன். நீலப் பெட்டி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

வருஷத்துக்கு ஒருமுறை அதைப் பள்ளிக்கு எடுத்துச் சென்று மாணவர்களிடம் காட்டுகிறேன். "படம் எப்படி இருக்கிறது?" என்று கேட்பேன். "ரொம்ப நல்லா இருக்குங்க சார்" என்பார்கள். உண்மைதான், அழகான படம். அழகில்லாத படத்துக்கு யார் ஏமாறுவார்கள்? அதன் பிறகுதான் இந்தக் கதையை ஆரம்பிப்பேன்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். நெடுநாள் பழக்கத்தை ஒரே நாளில் விடச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அது எத்தனை கடினம் என்பதைக் கண்ணால் கண்டவன். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் ஒரு காரியம் செய்யலாம். கடைக்குப் போய்ச் சிகரெட் வாங்கி வரும்படி குழந்தைகளை ஏவாதீர்கள். அது சட்டத்துக்கு விரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஓடிப்போய் வாங்கி வந்து கையில் கொடுத்த குழந்தை, பின்னொரு நாள் அந்த ஓட்டத்தை நினைத்துப் பார்க்கும். நான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.