உங்களுக்குத் தெரியுமா? வயலில் யார் நண்பன், யார் எதிரி?

திருவண்ணாமலை என்றதும் நினைவுக்கு வருவது தீபமும் கிரிவலமும். ஊரைத் தாண்டினால் நெல்லும் கரும்பும் ‘மல்லாட்டை’யும்தான் (வேர்க்கடலைக்கு இங்கே அதுதான் பெயர்). அந்த வயல்களில் தினமும் ஒரு போர் நடக்கிறது.

● பளபளக்கும் பொறிவண்டும் அதன் புழுவும் அசுவினியைத் தின்னும் நண்பர்கள். அதே குடும்பத்தில் பிறந்து, மங்கிய நிறத்தில் 28 புள்ளிகளோடு கத்தரி இலையைச் சுரண்டும் வண்டு எதிரி.

● ட்ரைக்கோகிரம்மா குளவியின் நீளம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப்புழு ஆகியவற்றின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு, புழு பிறக்கும் முன்பே கதையை முடித்துவிடும்.

● நெல்லில் தூருக்கு 1 புகையான் பூச்சி இருந்தால் மருந்தடிக்கும் நிலை. ஆனால் குத்துக்கு (பல தூர்கள் சேர்ந்தது) அதைத் தின்னும் 1 சிலந்தி இருந்தால், தூருக்கு 2 புகையான் வரை பொறுத்துக்கொள்ளலாம். இத்தனைக்கும் எட்டுக்கால் சிலந்தி பூச்சி இனமே அல்ல!

● கண்மூடித்தனமாக மருந்தடித்தால் சிலந்திகள் சாகும், புகையான் பெருகும். இதை உணர்ந்த இந்தோனேசியா, 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

● மல்லாட்டையைத் தின்னும் சிவப்புக் கம்பளிப்பூச்சியின் கூட்டுப்புழு மண்ணுக்குள் உறங்கும். கோடை உழவு செய்தால் வெளியே வந்து பறவைக்கு இரையாகும். மழைக்குப் பின் கிளம்பும் அந்துப்பூச்சிகளை விளக்குப்பொறி பிடிக்கும். விடிய விடிய எரியவிட்டால் நண்பர்களும் மாட்டிக்கொள்வார்கள்.

மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டும் முன், வயலில் இறங்கி இரு தரப்பையும் எண்ணிப் பாருங்கள்.