சீகிரியா ஆய்வும் திறந்த ஆய்விதழ்களும்: யார் சரிபார்ப்பது?

சீகிரியாவின் கண்ணாடிச் சுவரில் எட்டாம் முதல் பத்தாம் நூற்றாண்டு வரை பயணிகள் கீறிவைத்த சிங்களப் பாடல்கள் உள்ளன. அவற்றில் 685ஐ வாசித்து, 1956இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார் தொல்லியலாளர் செனரத் பரணவிதான. வெளியீடு ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம். அவருடைய வாசிப்பைச் சுவரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்நூல் இன்றும் மதிக்கப்படுவதற்கு அச்சகத்தின் பெயரைவிட இதுவே பெரிய காரணம்.

அதே அறிஞர் பின்னாளில், ஏற்கெனவே தெரிந்த கல்வெட்டுகளின் வரிகளுக்கிடையே மிக நுண்ணிய எழுத்தில் வேறொரு வரலாறு பொறிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். மற்றக் கல்வெட்டறிஞர்களின் கண்ணுக்கு அந்த எழுத்து தென்படவில்லை. ஆனால் அதை ஆதாரமாகக் கொண்டு 1966இல் 'சிலோன் அன்ட் மலேசியா', 1972இல் 'த ஸ்டோரி ஒஃப் சிகிரி' ஆகிய நூல்கள் வெளிவந்தன.

இது சீகிரியாவோடு நிற்கும் விடயமல்ல. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் மலாய்ப் பகுதியிலிருந்து வந்த சாவகர்களின் வழியினர் என்றும் பரணவிதான வாதிட்டவர். 1966ஆம் ஆண்டு நூலை அடுத்த வருடமே கா. இந்திரபாலாவும் ஆர்.ஏ.எல்.எச். குணவர்தனவும் ஆய்விதழ்களில் கேள்விக்குட்படுத்தினார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். ஆய்வு திருத்தப்படுவது இப்படித்தான்.

ஆனால் அந்த மறுப்புகளை எத்தனை பேரால் வாசிக்க முடிந்தது? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. பிறகு இடப்பெயர்வுகள். இன்றும் வெளிநாட்டுப் பதிப்பகத்தின் ஒரு கட்டுரையைத் திறக்க 30, 40 டொலர் கேட்பது சாதாரணம். வன்னியில் இருக்கும் ஓர் ஆசிரியர் அதைக் கட்டுவாரா?

திறந்த அணுக்கம், அதாவது கட்டணமின்றி எவரும் வாசிக்கக்கூடிய வெளியீடு, இந்த இடத்தில்தான் உதவுகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளமும், இலங்கை ஆய்விதழ்களைத் தரும் 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளமும் நமக்குக் கிட்ட உள்ளவை.

இலவசம் என்றால் தரம் குறைவு என்று நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. எழுதுபவரிடம் பணம் வாங்கிக்கொண்டு எதையும் பிரசுரிக்கும் இதழ்கள் பெருகிவிட்டன. 2013இல் 'சயன்ஸ்' இதழுக்காக ஜோன் பொஹானன் பிழைகள் நிறைந்த போலிக் கட்டுரையொன்றை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார், 157 ஏற்றுக்கொண்டன. சந்தா இதழ்களுக்கு அவர் அனுப்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அங்கே எத்தனை ஏமாந்திருக்கும்?

பூட்டிய இதழில் பிழை வந்தால் அதைக் காணும் கண்கள் குறைவு. திறந்ததில் ஒரு மாணவிகூடப் பிடித்துவிடலாம், ஆதாரமும் கூடவே தரப்பட்டிருந்தால். கல்வெட்டென்றால் தெளிவான படமும் மைப்படியும் வேண்டும். முடிவை மட்டும் இலவசமாகத் தந்து பயனில்லை.

2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. ஓர் இடம் தொல்லியல் பூமி என்று எல்லைக்கல் நடப்படும்போது, அதற்கு அடிப்படையான ஆய்வறிக்கையை அங்கே வயல் செய்பவரும் தமிழில் வாசிக்கக் கிடைக்கவேண்டும்.