கங்கையின் ஊர்தி

தில்லி வாழ் அன்பர்கள் தம் குழந்தைகளைத் தேசிய அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லுங்கால், அகிச்சத்திரத்தில் கிடைத்த இரு சுடுமண் சிலைகளின் முன் சற்றே நிற்பது நன்று. ஆளுயரத்தில் கங்கையும் யமுனையும் நிற்கின்றனர். யமுனையின் காலடியில் இருப்பது ஆமை என்பதைக் குழந்தையே சொல்லிவிடும். கங்கையைத் தாங்கும் பிராணி எது என்ற வினாவிற்குத்தான் பெற்றோர் விழிக்க நேரும்.

அதுவே மகரம். எந்த ஆற்றிலும் சதுப்பிலும் எவரும் கண்டிராத விலங்கு. முதலையின் தாடை, யானையின் துதிக்கை, மீனின் உடல் ஆகியவற்றைச் சேர்த்துச் சிற்பிகள் படைத்தது. பீகாரில் பராபர் மலையின் லோமச ரிஷி குகை வாயிலில், கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே இது தோன்றிவிட்டது. அங்கே பெரிதும் முதலையாகவே காட்சியளிக்கின்றது. பின்னர் நூற்றாண்டுதோறும் மூக்கு மேல்நோக்கிச் சுருண்டது. வால் கொடிக்கருக்காக விரிந்தது. நம் கோயில்களின் மகர தோரணங்களில் வால் எங்கே முடிகிறது, கொடி எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது அரிது. தென்திருப்பேரைப் பெருமாளுக்கோ அதுவே காதணியாகி, மகர நெடுங்குழைக்காதர் என்னும் திருநாமத்தையும் தந்தது. தமிழ்ப் புலவர் இதனைச் சுறா என்று கொண்டதால் தை மாதம் சுறவத் திங்களாயிற்று. இந்தி பேசும் அயலாரோ முதலையையே 'மகர்' என்பர். ('ஆனால்' என்பதற்கும் அவர்களிடம் அதே ஒலியுடைய சொல் உண்டு, அது பாரசீகத்திலிருந்து வந்த வேறு சொல். நம் குழந்தைகள் குழம்பினால் வியப்பில்லை.)

கங்கைக் கரைச் சிற்பியின் கண்முன் திரிந்த நீர்ப்பிராணிகளுள் ஒன்று கரியால் என்னும் நீள்மூக்கு முதலை. ஆண் கரியாலின் மூக்கு நுனியில் சிறு பானை கவிழ்த்தாற்போல் ஒரு புடைப்பு உண்டு. மகரத்தின் விசித்திர மூக்கிற்கு இதுவும் ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்பது எம் ஊகம். மீனையே உண்டு வாழும் இப்பிராணியைத் தோலுக்காகக் கொன்றனர், முட்டைகளை எடுத்தனர், வலைகளும் அணைகளும் எஞ்சியவற்றை வதைத்தன. 1970-களில் இந்தியாவில் வளர்ந்த கரியால்கள் 200-க்கும் குறைவு என்ற நிலை வந்தது. 1975-இல் தொடங்கிய முதலைப் பாதுகாப்புத் திட்டத்தில் முட்டைகளைப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை வளர்த்து ஆறுகளில் விட்டனர். ஆயினும் 2007-08 குளிர்காலத்தில் சம்பல் ஆற்றில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவை மாண்டன. மணற்கொள்ளையோ இன்றும் அவை முட்டையிடும் கரைகளைக் குலைக்கின்றது. கல்லில் மகரத்திற்குக் குறைவில்லை. ஆற்றில் கரியாலுக்குத்தான் இடமில்லை!

சம்பல் ஆறு ஆக்ராவிலிருந்து தொலைவில் இல்லை. குளிர்காலப் பகலில் கரியால்கள் மணல்மேட்டில் வெயில் காயும். முட்டை பொரிந்தபின் மழைக்காலத் தொடக்கத்தில் ஆண் கரியால் குஞ்சுக் கூட்டத்திற்குக் காவல் நிற்கும். நீர்மட்டத்தில் அசையாது கிடக்கும் அதன் முதுகிலும் தலையிலும் குஞ்சுகள் பலவும் ஏறி அமர்ந்திருக்கும்.