கடைத்தெருவில் கிடைக்காத திருமலை விருந்து

திருகோணமலைக்குச் செல்லும் நம்மவர் கோணேசப் பெருமானைத் தரிசிக்கின்றனர். கோட்டைக்குள் உலவும் மான்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுகின்றனர். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடுகின்றனர். பின்னர் பசியோடு கடைத்தெருவுக்கு வந்து, கொழும்பிலும் கண்டியிலும் உண்ணும் அதே கொத்துரொட்டியை உண்டுவிட்டு வண்டியேறுகின்றனர். நாமும் முதல் நாள் அவ்வாறே செய்தோம். துறைமுகம் கண்ணெதிரே பளபளத்துக்கொண்டிருக்க, நம் தட்டில் விழுந்த மீன் துண்டோ பனிக்கட்டியில் பல நாள் துயின்று எழுந்ததாகத் தோன்றியது. கடையின் பெயர் வேண்டாம். குற்றம் கடைக்காரரை மாத்திரம் சார்ந்ததன்று என்பதை மறுநாள் அறிந்துகொண்டோம்.

அதைச் சொல்லுமுன் அயர்லாந்து தேசத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நாற்புறமும் கடல் சூழ்ந்த அத்தீவில், 1845ஆம் ஆண்டு உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் மாண்டனர். அவ்வாண்டுகளிலும் அந்நாட்டுத் தானியமும் கால்நடையும் கப்பலேறி வெளியே போய்க்கொண்டுதான் இருந்தன. அத்தகைய நாட்டுக்கு இன்று உணவுக்காகவே பிரயாணிகள் தேடிச் செல்கின்றனர் என்றால் வியப்பாக இல்லையா? கால்வே நகரில் 1954ஆம் ஆண்டு தொடங்கிய சிப்பித் திருவிழாவுக்குப் பல தேசத்தார் வருகின்றனர். கோர்க் மாவட்டத்தில் மிர்ட்டில் அலன் என்னும் அம்மையார், பண்ணைக்காரரின் மனைவி, ஆறு பிள்ளைகளின் தாய், 1964ஆம் ஆண்டு பாலிமலோ என்னும் தமது வீட்டின் சாப்பாட்டறையையே விருந்தினருக்குத் திறந்துவிட்டார். அருகிலுள்ள பாலிகொட்டன் துறையில் அன்று என்ன மீன் இறங்கியதோ, பண்ணையில் அன்று என்ன விளைந்ததோ, அதைப் பார்த்துத்தான் அன்றன்றைய உணவுப் பட்டியலை எழுதுவார். அவர் 2018ஆம் ஆண்டு மறைந்தார். வீடு இன்றும் விருந்தளிக்கின்றது.

திருமலையில் அத்தகைய சாப்பாட்டறை எங்கே? இக்கேள்வியை நாம் கேட்டதும் நம் நண்பர் நகைத்து, "காலையில் ஐந்து மணிக்கு எழும்புவீர்களானால் காட்டுகிறேன்" என்றார்.

எழுந்தோம். நகரின் வடபுறத்துக் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கிழக்குக் கடல் சித்திரை முதல் புரட்டாதி வரையில் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று கிளம்பினால் வலை இழுக்க முடியாது. நாம் சென்றது நல்ல பருவம். வலையின் மடி மணலில் ஏறியதும் சூடையும் கீரியும் வெள்ளிக் காசுகளைக் கொட்டினாற்போலத் துள்ளின. ஆழ்கடல் வள்ளங்களிலிருந்து அறக்குளாவும் பாரையும் இறங்கின. பெரிய மீன்களில் பெரும்பகுதி பனிக்கட்டிப் பெட்டிகளில் அடங்கி, கொழும்புக்குப் போகும் லொறிகளில் ஏறியதையும் கண்டோம். நேற்று நம் தட்டுக்கு வந்தது எதுவென்று அப்போது விளங்கிற்று. எஞ்சிய சிறு மீனையும் ஒரு பால்சுறாவையும் நண்பர் வாங்கிக்கொண்டார். அவற்றோடு அவருடைய பெரியம்மாவின் வீட்டுக்குச் சென்றோம்.

அந்த அம்மையாரின் அடுக்களையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். சுறாவை மஞ்சளிட்டு அவித்துத் தோலை உரித்தார்; முள் நீக்கி உதிர்த்துப் பிழிந்தார்; சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ப்பூ சேர்த்து மெல்லிய நெருப்பில் ஈரம் வற்றும் வரை வறுத்தார். இதுதான் சுறா வறை. பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் பால் சுரக்கவென்று கொடுப்பார்கள். மற்றவர்கள் அந்தச் சாக்கில் ருசி பார்ப்பார்கள்! சொதிக்கு வெந்தயமும் வெங்காயமும் இரண்டாம் பாலில் கொதித்தன. மீன் வெந்தபின் முதற்பாலை விட்டு, பொங்க விடாமல் ஒருமுறை நுரைகட்டியதும் சட்டியை இறக்கினார். தேசிக்காய்ப் புளி அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே விட வேண்டுமாம். முன்னே விட்டால் பால் திரைந்து போகும். சோறு, கந்தளாய்க் குளத்து நீரில் விளைந்த தம்பலகாமத்து நெல்.

தயிர் உண்டா என்று வினவினோம். "மீன் சாப்பிட்ட வாயோட தயிரா? நாளைக்குச் சாப்பிடுங்கோ தம்பி" என்று கண்டித்துவிட்டார்.

உண்ட பின், மிர்ட்டில் அலனின் கதையை அவருக்குச் சொன்னோம். வெளியூரார் பத்துப் பேருக்கு இவ்வாறு சமைத்துக் கொடுத்தால் வீட்டுக்கு வருமானமாகுமே என்றும் சொன்னோம். அவர் முகம் மாறிற்று.

"வீட்டுக்கு வந்த ஆளிட்டச் சோத்துக்குக் காசு வாங்கிறதோ? எங்கட ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

அதற்கு மறுமொழி நம்மிடம் இல்லை. கையில் பணமில்லாதவர் சொன்ன வார்த்தையுமன்று, இருப்பவர் சொன்ன வார்த்தையுமன்று. யுத்த காலத்தில் கடலுக்குச் செல்லக் கட்டுப்பாடுகள் இருந்த நாட்களில், அவ்வீட்டில் கருவாட்டுத் துண்டு ஒன்றைப் பல பேர் பங்கிட்டதாக நண்பர் பின்னர் சொன்னார். 2009ஆம் ஆண்டுக்குப் பின் கடல் திறந்தது. எனினும், வறை செய்யத் தெரிந்த கைகள் அதற்குள் குறைந்துவிட்டன. மகளுக்குத் தெரியாது, மருமகளுக்குச் சிறிது தெரியும்.

மறுநாள் கிண்ணியா சென்றோம். வழியில் சீனக்குடா. வெளிநாட்டுக் கோதுமையைக் கப்பலிலிருந்து இறக்கி அரைக்கும் பெரிய மாவாலை 1980 முதல் இத்துறைமுகக் கரையில்தான் இயங்குகின்றது; நாட்டின் மூலை முடுக்கெல்லாம் தின்னும் பாணுக்கு மா இங்கிருந்து போகின்றது. கிண்ணியாவுக்கு முன்னர் இயந்திரப் படகுப் பாதையில் கடக்க வேண்டியிருந்தது. 2009இல் பாலம் திறக்கப்பட்டது. ஆழமற்ற கடனீரில் இறங்கி மட்டி பொறுக்குவது இவ்வூர்க்காரரின் பழைய தொழில். மட்டியை ஓரிரவு உப்புநீரில் போட்டு வைத்தால் மண்ணைக் கக்கிவிடும். அவிக்கும்போது வாய் திறவாத மட்டியை எறிந்துவிட வேண்டும். மிளகும் தேங்காயும் சேர்த்துப் பிரட்டிய அக்கறியை நாம் உண்டதும் ஒரு வீட்டில்தான். அவ்வீட்டார் நோன்பு காலத்தில் கடற்பாசியைப் பாலும் சீனியுமிட்டுக் காய்ச்சி, உறைய வைத்து, நோன்பு திறக்கும் வேளையில் உண்பார்களாம். அயர்லாந்துக் கரையிலும் ஒருவகைக் கடற்பாசியைப் பாலில் காய்ச்சி உறைய வைத்து உண்கின்றனர். பாலிமலோ வீட்டில் அது பெயர்பெற்ற பண்டம். இரு கரையாரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை.

திரும்பும் நாளன்று விடைபெறுவதற்காகப் பெரியம்மாவின் வீட்டுக்குச் சென்றோம். ஒரு போத்தலில் சுறா வறை கட்டி வைத்திருந்தார். "கந்தளாயில தயிர்ச்சட்டி வாங்க மறக்க வேண்டாம், எருமைத் தயிரெண்டு கேட்டு வாங்குங்கோ" என்றார். காசு என்ற சொல்லை நாம் எடுக்கவில்லை.

படலை வரை வந்த மருமகள், மாமியார் உள்ளே போனதை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அண்ணை, கிழமைக்கு எத்தனை பேர் வருவினம் எண்டு நினைக்கிறியள்?"